எந்த வாகனத்திலும் ஒளிந்திருக்கும் எண்

இலங்கையின் ஏ-9 வீதியில் ஓடுகிற எந்த வாகனத்தின் இலக்கத் தகட்டில் உள்ள நான்கு இலக்கமும் கடைசியில் ஒரே எண்ணில் போய் முடியும் என்றால் நம்புவீர்களா நேயர்களே?

அந்த வீதியில் உள்ள முறிகண்டியில் கச்சான் வாங்க பஸ் நிற்கிற நேரம் போதும், செய்து பார்த்துவிடலாம். முன்னால் நிற்கும் வாகனத்தின் நான்கு இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பிறகு அதையே தலைகீழாக அடுக்குங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வருகிற விடையை மறுபடி அடுக்கி, மறுபடி கழியுங்கள். விடை மூன்று இலக்கமாகச் சுருங்கினால் முன்னுக்கு ஒரு பூச்சியம் போட்டுக்கொள்ளுங்கள். கூடிப்போனால் ஏழு தரம். 6174 வந்து நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை தரம் கழித்தாலும் அதே 6174தான், அசையாது! நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது, பூச்சியம்தான் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த காப்ரேக்கர். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். எண்களோடு விளையாடுகிறார் என்று அப்போது பலர் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இன்று 6174க்குப் பெயரே காப்ரேக்கர் மாறிலி.