ஜாவா நிரலாய்வில் முன்னறிவும் களத்தறிவும்

இருக்கன்குடியில் அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகின்றன. அவ்வாறே, இருவேறு பொழுதில் பெறும் அறிவை ஒன்றாக்கும் கணிப்பொறி ஆய்வொன்றை ஈண்டுக் காண்போம்.

ஜாவா மொழியில் எழுதிய நிரல் முதலில் பைட்கோடு என்னும் இடைவடிவம் பெறுகிறது. அதனை எந்திர மொழியாக்கும் பணி பெரும்பாலும் நிரல் ஓடும்போதே நிகழ்கிறது. அப்பொழுது குறுகியது, நுணுகி ஆராய இடமில்லை. முன்கூட்டியே ஆராயலாமெனின், ஓடுமிடத்தில் அமையும் நிரல் நூலகம் எத்தகையதென அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு ஒரு சோதனையை நீக்கினால் நிரல் பிழைபடும்; அஞ்சி எதனையும் நீக்காவிடின் விரைவு குன்றும்.

இவ்விடர்க்குச் சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்து மானஸ் தாக்கூரும் கிருஷ்ண நந்திவாடாவும் 2019இல் வெளியிட்ட 'பை' என்னும் ஆய்வுச் சட்டகம் வழி கூறுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான 'சூட்' என்னும் கருவியைக் கொண்டு நிரலை முன்னரே ஆராய்கின்றனர். அறியாத இடத்தில் ஊகம் செய்யாது, 'நூலகம் இவ்வாறாயின் விடை இது' என நிபந்தனை எழுதி வைக்கின்றனர். ஓடும்போது அந்நிபந்தனைக்கு விடை கண்டாற் போதும். ஒரு பெயர் பொருளைச் சுட்டுகிறதா என்பன போன்ற சோதனைகளுள் வேண்டாதன நீங்கும்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இந்நெறி புதிதன்று. ஏட்டில் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாது, புள்ளியிட்டுப் பிறிதொரு சுவடிக்காகக் காத்தவர் உ.வே.சாமிநாதையர். அறியாததை மறைக்காது குறித்து வைப்பதும் ஆய்வறமே.