ஒற்றைப் பலகை நீர்ச்சறுக்கு: விலையைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையும், நேயர்களின் கேள்விகளுக்கு அளிக்கப்பட்ட பதில்களும் இங்கே சுருக்கித் தரப்படுகின்றன.)



நீர்ச்சறுக்கு என்று சொன்னாலே, "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கெதற்கு?" என்று ஒதுங்குகிறவர்கள் நம்மில் அதிகம். ஆனால் இந்த விளையாட்டு நம் வட்டாரத்துக்குப் புதியதல்ல. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் நீர்ச்சறுக்குப் பிரிவு 2015இல் சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்திலும் 2017இல் புத்ராஜெயா ஏரியிலும் நடைபெற்றது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் கார் ஓட்டிய அலெக்ஸ் யூங், மலேசியாவுக்காக நீர்ச்சறுக்கிலும் போட்டியிட்டவர். நம் பிள்ளைகளில் சிலரும் இப்போது ஆர்வத்தோடு இதில் இறங்குகிறார்கள். அதனால்தான் இன்று நான் கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒருவர் பழைய சறுக்குப் பலகை ஒன்றை மலிவாகக் கொடுத்தார். அவருக்குப் பத்தாம் எண் காலணி. எனக்கு எட்டாம் எண். "தடித்த காலுறை போட்டால் சரியாகிவிடும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்கால் பூட்ஸ் தொளதொளவென்று இருந்தது. பின்கால் பூட்ஸ் மட்டும் வார் போட்டு இறுக்கியபடி இருந்தது. மூன்றாம் நாள் ஒரு திருப்பத்தில் விழுந்தேன். முன்கால் கழன்றது, பின்கால் கழலவில்லை. பலகை தண்ணீரில் ஒரு பக்கம் முறுக்க, என் உடம்பு மறுபக்கம் போனது. கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஊன்றுகோல். சில நூறு ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய், மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வீட்டாரின் கண்ணீர் என்று பல மடங்கு கொடுத்தேன். பலகையைக் கொடுத்தவர் மீது குறையில்லை. அளவு பார்க்காதது என் தவறு.

ஸ்லாலம் என்றால் என்ன?

1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் இரண்டு பைன் மரப் பலகைகளின் நுனியை வெந்நீரில் இளக்கி வளைத்து, படகின் பின்னால் சறுக்கிக் காட்டினார். அங்கே தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. ஸ்லாலம் பிரிவில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்.

போட்டித் தடத்தின் நீளம் 259 மீட்டர். படகு நடுவில் நேராகப் போகும். இரு பக்கமும் மாறி மாறி ஆறு மிதவைகள். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். சறுக்குபவர் ஆறையும் வெளிப்புறமாகச் சுற்றி வரவேண்டும். ஆண்களுக்கான அதிகபட்சப் படகு வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. 58 கிலோமீட்டர் வேகத்தில் முழுத் தடமும் சுமார் 16 விநாடியில் முடிந்துவிடும்.

அந்த வேகத்தில் ஆறையும் சுற்றியவருக்கு அடுத்த சோதனை கயிற்றைக் குறைப்பது. 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று கயிறு சுருங்கிக்கொண்டே போகும். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மிதவை 11.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது, கயிறோ 11.25 மீட்டர்தான். அதாவது கயிறு மிதவைக்கு எட்டாது! மீதித் தூரத்தைச் சறுக்குபவர் தம் கையையும் உடம்பையும் நீட்டித்தான் எட்டவேண்டும். 2013இல் அமெரிக்கரான நேட் சுமித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலகச் சாதனை படைத்தார். இந்த அளவுக்கு உடம்பைச் சாய்க்கும் விளையாட்டில், காலடியில் இருக்கும் பலகை நமக்குப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பலகை: உயரம் பார்க்காதீர்கள், எடை பாருங்கள்

பலர் செய்யும் முதல் தவறு, தம் உயரத்துக்கு ஏற்பப் பலகை தேடுவது. பலகை தாங்கவேண்டியது நம் எடையை. எனவே இரண்டே கேள்விகள்தான்: உங்கள் எடை எவ்வளவு? எந்த வேகத்தில் சறுக்கப்போகிறீர்கள்?

பெரியவர்களுக்குப் பொதுவான கணக்கு இது. 65 கிலோவுக்குக் கீழ் இருந்தால் 65 அங்குலப் பலகை அல்லது சற்றுக் குறைவு. 65 முதல் 80 கிலோ வரை 66 அங்குலம். 80 முதல் 95 கிலோ வரை 67 அல்லது 68. அதற்கு மேல் 68, 69. இவை தோராயமே; தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

வேகம் குறைந்தால் தண்ணீர் நம்மைத் தூக்கும் விசையும் குறையும். ஆகவே மெதுவாகச் சறுக்குபவருக்கு அகலமான பலகை வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால், புதியவர்கள் பெரியதையே எடுங்கள். சிறிய பலகையில் தண்ணீரிலிருந்து எழுவதற்கே பாதிப் பலம் போய்விடும். முதுகும் கையும் வலி கண்டுவிடும்.

அடுத்து, பொருள். கண்ணாடி இழைப் பலகை விலை குறைவு, சற்றுக் கனம். கார்பன் இழைப் பலகை எடை குறைவு, விறைப்பு அதிகம், விலையோ பல ஆயிரம் ரிங்கிட். மிதவைத் தடத்தில் இன்னும் கால் வைக்காதவருக்கு உச்ச ரகக் கார்பன் பலகை தேவையில்லை. அது ஒவ்வொரு சிறு தவற்றையும் பெரிதாக்கிக் காட்டும்.

பழைய பலகை வாங்குவது தப்பில்லை. ஆனால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஓரங்களில் விரிசல் உண்டா? பூட்ஸ் பொருத்தும் திருகுத் துளைகள் தளர்ந்திருக்கின்றனவா? அடிப்புறத்தை விரலால் தட்டினால் ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாக ஒலிக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

பூட்ஸ்: உயிர்நாடி இதுதான்

முதலில் எந்தக் கால் முன்னால் என்று தெரியவேண்டும். இரண்டு பலகையில் சறுக்கும்போது ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். எந்தக் காலில் நிம்மதியாக நிற்க முடிகிறதோ அதுவே முன்கால்.

பின்காலுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று, விரல்களை மட்டும் நுழைக்கும் பட்டை. மற்றொன்று, முழு பூட்ஸ். பட்டை வகையில் தொடக்கத்தில் பின்காலை வெளியே விட்டுத் துடுப்புப்போல் பயன்படுத்திச் சமநிலை பிடிக்கலாம். எனவே புதியவர்களுக்கு எளிது. இரண்டு முழு பூட்ஸ் போடுபவர்கள் ஒரு விதியை மறக்கக்கூடாது. விழுந்தால் இரண்டு காலும் சேர்ந்து கழலவேண்டும். அல்லது இரண்டும் சேர்ந்து உள்ளேயே இருக்கவேண்டும். ஒன்று கழன்று ஒன்று மாட்டிக்கொள்வதுதான் எலும்பை முறிக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

பொருத்தம் எப்படி இருக்கவேண்டும்? நின்றபடி குதிகாலைத் தூக்கிப் பாருங்கள், குதிகால் நழுவக்கூடாது. அதே சமயம் விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுகவும் கூடாது. ரப்பர் பூட்ஸில் கால் நுழைய மறுத்தால் கொஞ்சம் சோப்பு நீர் தடவினால் போதும். தடித்த காலுறை போட்டு இடைவெளியை அடைக்கும் என் வைத்தியத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

ஃபின்: நூலிழையில் மாறும் விளையாட்டு

பலகையின் வால்புறத்தில் அடியில், மீனின் துடுப்பைப்போல் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதன் பெயர் ஃபின். அதன் ஆழம், நீளம், வாலிலிருந்து உள்ள தூரம் ஆகிய மூன்றையும் மாற்றலாம். அதில் குறுக்கே ஒரு சிறு இறக்கையும் உண்டு. அது பெரும்பாலும் 7 முதல் 9 பாகைச் சாய்வில் இருக்கும். மிதவையை நெருங்கும்போது வேகத்தைத் தணிக்கும்.

இந்த அளவுகளை காலிபர் கருவியால், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஆயிரத்தில் ஐந்து பங்கு நகர்த்தினால் போதும். அது நாளிதழ்த் தாள் இரண்டின் கனம்தான். அதற்கே பலகையின் குணம் மாறிவிடும்.

ஆழத்தைக் கூட்டினால் வால் தண்ணீரை இறுகப் பிடிக்கும். குறைத்தால் வால் எளிதில் வழுக்கித் திரும்பும். நீளத்தைக் கூட்டினால் நுனி அதிகம் கடிக்கும். ஃபின்னை முன்னால் நகர்த்தினால் திருப்பம் சுறுசுறுப்பாகும். பின்னால் நகர்த்தினால் நிதானம் கூடும்.

ஆனால் ஃபின்னில் கை வைப்பதற்கு முன் பூட்ஸின் இடத்தைப் பாருங்கள். பூட்ஸ் தட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். நுனி மேலே எழும்பிப் பலகை திரும்ப மறுத்தால், ஒரு துளை முன்னால் நகர்த்துங்கள். நுனி ஆழமாகக் கடித்து உங்களை முன்புறம் கவிழ்த்தால், ஒரு துளை பின்னால்.

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தயாரிப்பாளர் குறித்த அளவில் எல்லாவற்றையும் வையுங்கள். நான்கைந்து நாள் அப்படியே சறுக்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய அளவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. புதியவர்கள் முதல் ஆண்டு ஃபின்னைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான கோளாறு தகட்டில் இல்லை, நாம் நிற்கும் நிலையில்தான் இருக்கிறது.

கயிறு, கைப்பிடி, மிதவைச் சட்டை

போட்டிக் கயிற்றில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம் உண்டு. 18.25 மீட்டருக்குச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வானவில்போல் வரும். ரப்பர்போல் இழுபடும் கயிறு ஸ்லாலமுக்கு ஆகாது. அது அறுந்தாலோ கை நழுவினாலோ கைப்பிடி படகுக்குள் கல்லைப்போல் பாயும். நைந்த கயிற்றை அன்றே தூக்கிப் போடுங்கள்.

கைப்பிடியின் முக்கோண இடைவெளிக்குள் கையையோ தலையையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மிதவைச் சட்டையைப் போட்டுப் பூட்டியபின், தோள்பட்டையில் பிடித்து ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. படகில் ஓட்டுநரைத் தவிர, சறுக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். விழுந்தவரை ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

நம்மூர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டிய காருக்குள் பலகையைப் போட்டு வைக்காதீர்கள். வெப்பத்தில் உள்ளிருக்கும் நுரைப்பொருளும் பசையும் பாழாகும். கடலில் சறுக்கினால் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

நேயர் கேள்விகள்

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பதினொரு வயது. வளர்கிற பிள்ளை என்பதால் பெரிய பலகையாக வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பள்ளிச் சீருடையைப் பெரிதாக வாங்கலாம். பலகையையும் பூட்ஸையும் அப்படி வாங்கக்கூடாது. பூட்ஸ் இன்று பொருந்தவேண்டும். முதலில் சிறுவர்களுக்கான இரட்டைப் பலகையில் பழகட்டும். சங்கத்தில் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பலகையைக் கைவிட்டு அவள் தானாக நிற்கும் நாளில் ஸ்லாலம் பலகை பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு ஐம்பது வயதாகிறது அண்ணே. இனிமேல் தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. மருத்துவரிடம் முதுகையும் முழங்காலையும் காட்டிவிட்டு வாருங்கள். அகலமான பலகை, பின்காலுக்குப் பட்டை, குறைந்த வேகம். மிதவைகளை மறந்துவிட்டு, படகின் அலையை இருபுறமும் கடந்து பழகுங்கள். அதுவே போதுமான இன்பம்.

நிறைவாக ஒன்று. என் தம்பி மகன் சென்ற ஆண்டு என்னிடம் வந்து, "பெரியப்பா, உங்கள் பழைய பலகையைக் கொடுங்கள்" என்று கேட்டான். அது இன்னும் என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. நான் கொடுக்கவில்லை. அவனைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தேன், பாதத்தை அளந்தேன், இருவருமாகப் போய் அவனுக்குப் பொருந்தியதை வாங்கினோம். அவன் பல தடவை விழுந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் இரண்டு காலோடு நீந்தி வந்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படியே கரை சேரவேண்டும்.