சூரிய பம்புசெட்டுக்கு எந்த இன்வெர்ட்டர்?

சூரியத் தகடுகள் தருவது நேர்மின்சாரம். ஆழ்துளைக் கிணற்றிலுள்ள மும்முனை நீர்மூழ்கி மோட்டாருக்கு வேண்டியதோ மாறுமின்சாரம். இதனை மாற்றித் தருவது இன்வெர்ட்டர். வாங்கும் முன் அதன் உள்ளமைப்பையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கிடைப்பது இருநிலை இன்வெர்ட்டர். இதில் 6 மின்னணு சுவிட்சுகள் உள்ளன. 415 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்ட ஏறத்தாழ 600 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. இருநிலை அமைப்பு இந்த 600 வோல்ட்டையும் வினாடிக்குப் பல ஆயிரம் முறை ஒரே தாவலில் ஏற்றி இறக்குகிறது. நீண்ட கேபிளில் இத்தாவல் அலைபோல் ஓடி, மோட்டாரில் மோதித் திரும்பும்போது அங்கு மின்னழுத்தம் இரு மடங்கு, அதாவது 1200 வோல்ட் வரை உயரக்கூடும். கிணறு ஆழமானால் கேபிளும் நீளும். காயிலின் மின்காப்பு நாளடைவில் நைந்து மோட்டார் எரிகிறது. மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்க ஆகும் செலவு தாங்கள் அறியாததன்று.

முந்நிலை இன்வெர்ட்டரோ பாதியில் ஒரு படி வைத்து ஏறுகிறது. தாவல் 300 வோல்ட்டாகக் குறைகிறது, மின்னலையும் சீராகிறது. ஜப்பானியப் பொறியாளர்கள் நபே, தகஹாஷி, அகாகி ஆகியோர் 1981-இல் வெளியிட்ட அமைப்பில் 12 சுவிட்சுகளும் 6 டையோடுகளும் வேண்டும். விலையும் பழுதுபார்க்கும் சிரமமும் அதற்கேற்பக் கூடும். பல பாலங்களைத் தொடராக இணைக்கும் இன்னொரு வகையில் ஒவ்வொரு பாலத்திற்கும் தனித் தகடு வரிசை தேவை. அது பெரிய மின்நிலையங்களுக்கே பொருந்தும்.

5 குதிரைத்திறன் மோட்டாரும் ஆழமற்ற கிணறும் உடையோருக்கு இருநிலையே போதும். கிணறு ஆழமானால், இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் குறித்துள்ள கேபிள் நீள வரம்பைக் கேளுங்கள். வரம்பு மீறினால் இன்வெர்ட்டரின் வெளிவாயிலில் வடிப்பான் பொருத்தச் சொல்லுங்கள். முந்நிலை வாங்குவதைவிட இது பெரும்பாலும் மலிவு.