அடியெடுத்துக் கொடுத்தலும் ஆவியின் ஏவுதலும்: திருவண்ணாமலைச் சூழலில் கிறித்தவரின் விவிலிய நம்பிக்கை

ஆய்வுச் சுருக்கம்

விவிலியம் இறைவனால் ஏவப்பட்டது, என்றும் நிலைத்திருப்பது என்னும் இரு நம்பிக்கைகள் கிறித்தவச் சமயத்தின் அடிப்படைகளாகும். ஆயினும் தமிழ் விவிலியம் முந்நூறு ஆண்டுகளில் பலமுறை மொழிபெயர்க்கப்பட்டது. கடவுளைக் குறிக்கும் சொல்லே அதில் மீண்டும் மீண்டும் மாறியது. சொல் மாறியும் நம்பிக்கை மாறாதது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தேவாரமும் திருவெம்பாவையும் திருப்புகழும் ஒலிக்கும் திருவண்ணாமலையின் நூல் மரபுகளோடு ஒப்பிட்டு, கிறித்தவர் கூறும் ஏவுதலும் நிலைபேறும் எவற்றைச் சுட்டுகின்றன, எவற்றைச் சுட்டவில்லை என்பதைத் தெளிவுபடுத்துவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: விவிலியம், இறை ஏவுதல், திருமுறை, மொழிபெயர்ப்பு, திருப்புகழ், திருவண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலை நூல்களால் புகழ்பெற்ற ஊர். சம்பந்தரும் அப்பரும் இத்தலத்தைப் பாடினர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இங்கே அருளினார் என்பது மரபு. அருணகிரிநாதரின் வாழ்வும் இவ்வூரோடு பிணைந்தது. இதே ஊரில் டேனிஷ் மிஷன் பெயரால் விளங்கும் பள்ளியும், அம்மிஷனின் பணியிலிருந்து உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சார்ந்த சபையும் உள்ளன. ஆகவே, இறைவனிடமிருந்து வந்தது எனப் போற்றப்படும் நூல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே ஊரில் ஓதப்படுகின்றன.

இத்தகைய சூழலில், எல்லாச் சமயத்தாரும் தத்தம் நூலைப் பற்றி ஒரே கருத்தையே கொண்டுள்ளனர் என்று கருதிவிடுவது எளிது. அது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். தெய்வத்தன்மை என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் கொள்கைகள் தம்முள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை உணராதவிடத்து ஒரு மரபின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கும் நிலை உண்டாகும்.

இறை ஏவுதல்: மூவகைக் கொள்கைகள்

மீமாஞ்சையாளர் கொள்கைப்படி வேதம் அபௌருடேயம்; அதாவது எவராலும் இயற்றப்படாதது. அதன் தெய்வத்தன்மை ஒலியோடு ஒன்றியது. எனவே பதபாடம், கிரமபாடம் முதலிய ஓதுமுறைகள் ஒலி பிறழாது காப்பதற்கென்றே அமைந்தன. அங்கு மொழிபெயர்ப்பு பொருளை விளக்கலாமேயன்றி வேதமாகாது.

தமிழ்ப் பத்தி மரபு வேறொரு நிலையை மேற்கொள்கிறது. திருமுறை ஆசிரியர்களுக்குப் பெயருண்டு, ஊருண்டு, வரலாறுண்டு. எனினும் தம் உரை இறைவனின் உரையே என்னும் பொருள்படச் சம்பந்தர் பாடியுள்ளார். அருணகிரிநாதர் அண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்தபோது முருகன் தாங்கிக்காத்து, பாடலுக்கு அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபுவழிச் செய்தி. சேக்கிழாருக்குத் தில்லையில் முதற்சொல் அருளப்பட்டது என்பதும் அத்தகையதே. அடியெடுத்துக் கொடுத்தல் என்னும் இத்தொடர் தமிழரின் ஏவுதற் கொள்கையைச் சுருங்கச் சொல்வதாகும்: தொடக்கம் இறைவனுடையது, பாடல் புலவனின் நாவில் நிறைவுறுகிறது.

கிறித்தவக் கொள்கை இவ்விரண்டாவது நிலைக்கு அண்மையில் இருப்பினும் அதனோடு முற்றும் ஒன்றவில்லை. இக்கொள்கைக்கு அடிப்படையாகத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் காட்டப்பெறும். அங்கு மறைநூலைக் குறிக்க ஆளப்பட்ட கிரேக்கச் சொல்லுக்கு 'இறைவன் மூச்சுவிட்டது' என்பது நேர்ப்பொருள். பேதுருவின் இரண்டாம் திருமுகமும், இறைவாக்கினர் தூய ஆவியால் உந்தப்பட்டுப் பேசினர் என்கிறது. ஏவுதல் முதல் அடியோடு முடிவதாக இம்மரபு கொள்ளவில்லை. நூல் முழுவதற்கும் அதனை உரியதாகக் கருதுகிறது. அதே வேளையில், எழுதியவர் வெறும் எழுதுகோலாக இருந்தார் என்பதையும் பெரும்பாலான கிறித்தவ இறையியலார் ஏற்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, இறைவனை நூலின் ஆசிரியராகவும் மனிதரை உண்மையான நூலாசிரியராகவும் ஒருங்கே குறிப்பிடுகிறது.

நூலாசிரியரின் மனிதத்தன்மை

இந்த இரட்டை ஆசிரியத்துவம் பிற்காலத்தார் புனைந்துகொண்ட அமைதியன்று. விவிலியத்திலேயே அதற்குத் தடயங்கள் உண்டு. லூக்கா தம் நற்செய்தியின் முன்னுரையில், தமக்கு முன் பலர் எழுதியதையும், தாம் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து கருத்தாய் ஆராய்ந்ததையும் கூறுகிறார். அது வரலாற்றாசிரியர் ஒருவரின் நடை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல், தாம் திருமுழுக்குக் கொடுத்தவர்களைக் குறிப்பிடும்போது முதலில் இருவரை மட்டும் சொல்கிறார். பின்னர் ஒரு குடும்பத்தாரை நினைவுகூர்கிறார். வேறு எவருக்கேனும் கொடுத்ததாக நினைவில்லை என்கிறார். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியரோ, தம் நூல் சிறப்பாக அமையவில்லையெனில் தம்மால் இயன்றது அவ்வளவே என்று அவையடக்கம் கூறி முடிக்கிறார்.

ஆய்வும் மறதியும் அவையடக்கமும் உள்ள நூலை இறைவனின் சொல் என்று கிறித்தவர் எங்ஙனம் கொள்கின்றனர்? இறைவனின் வாக்கு இயேசு என்னும் மனிதரில் உடலெடுத்தது என்பது அவர்தம் மைய நம்பிக்கை. உடலெடுத்த வாக்கைப் பசியும் களைப்பும் உள்ள ஒருவரிடம் கண்டவர்களுக்கு, எழுத்தாகிய வாக்கை மனித மொழியின் எல்லைகளுக்குள் காண்பதில் முரண்பாடு தோன்றுவதில்லை. விவிலிய நம்பிக்கை தனித்து நிற்பதன்று. இம்மைய நம்பிக்கையைச் சார்ந்தே நிற்கிறது.

நிலைபேறு: சுவடிகளின் சான்றும் அதன் எல்லையும்

விவிலியத்தின் நிலைபேற்றுக்குச் சுவடிச் சான்றுகள் அடிக்கடி காட்டப்பெறுகின்றன. 1947 முதல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களுள் எசாயா நூலின் முழுச்சுருள் ஒன்று உண்டு. அது எபிரேய விவிலியத்தின் முழுமையான மிகப் பழைய படியாகிய லெனின்கிராடு சுவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது, எழுத்துவேறுபாடுகளும் பாடவேறுபாடுகளும் பல இருந்தும் நூல் பெரிதும் ஒத்திருப்பது தெரியவந்தது. புதிய ஏற்பாட்டிற்கோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் உள்ளன.

எனினும் இதே சான்றுகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டுச் சுவடிகளாகிய சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. யோவான் நற்செய்தியில் வரும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியும் அவற்றில் இல்லை. இக்காலப் பதிப்புகள் பல இப்பகுதிகளை அடைப்புக்குறியிட்டோ குறிப்போடோ வெளியிடுகின்றன. விவிலியத்தில் பிழையே இல்லை என வலியுறுத்தும் 1978ஆம் ஆண்டுச் சிகாகோ அறிக்கைகூட, ஏவுதலைக் கண்டிப்பான பொருளில் மூலப்படிகளுக்கே உரியதாக்குகிறது. அம்மூலப்படிகளுள் ஒன்றும் இன்று இல்லை.

எனவே சுவடிகள் மெய்ப்பிப்பது நூல் கவனமாகக் கடத்தப்பட்டது என்பதை மட்டுமே. அது இறைவனுடையது என்பதைச் சுவடிகள் மெய்ப்பிக்க இயலாது. நன்கு காக்கப்பட்ட நூல்களெல்லாம் தெய்வ நூல்கள் ஆகிவிடுவதில்லை. இவ்வெல்லையைக் கிறித்தவ இறையியலாரும் உணர்ந்திருந்தனர். மறைநூலின் உறுதிப்பாடு வாதங்களால் வருவதன்று, படிப்பவரின் உள்ளத்தில் தூய ஆவி தரும் சான்றால் வருவது என்பது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியாகிய கால்வினின் நிலைப்பாடு.

எரிந்த சுருளும் அரித்த ஏடும்

நிலைபேறு என்பதை விவிலியம் எவ்வாறு உணர்ந்துள்ளது என்பதற்கு எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் சிறந்த சான்று. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கிம் மன்னன் பகுதி பகுதியாக அறுத்துக் கணப்பு நெருப்பில் இடுகிறான். சுருள் முழுவதும் எரிந்துபோகிறது. அதனைக் காக்க எந்த அற்புதமும் நிகழவில்லை. பின்னர் எரேமியா மீண்டும் சொல்ல, பாரூக்கு மீண்டும் எழுதுகிறார். புதிய சுருளில் முன்னில்லாத சொற்களும் சேர்கின்றன.

தமிழகத்திலும் இதற்கிணையான செய்தி உண்டு. தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து கண்டபோது பெரும்பகுதி கறையான் அரித்திருந்தது. எஞ்சியவை இக்காலத்துக்குப் போதும் என வானொலி எழுந்தது எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அருணகிரிநாதர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பன ஏறத்தாழ 1,300. அவையும் வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1894இலும் 1901இலும் பதிப்பித்தமையால் கிடைத்தவை.

இரு மரபுகளிலும் தெய்வ நூல் அழியக்கூடிய பொருளின்மீதே எழுதப்படுகிறது. ஒன்றில் எஞ்சியது போதும் என்ற ஆறுதல். மற்றொன்றில் மீண்டும் எழுதப்படும் என்ற உறுதி. புல் உலரும், இறைவனின் வாக்கு நிலைக்கும் என்ற எசாயாவின் கருத்தைக் கிறித்தவர் இந்த உறுதியோடு சேர்த்தே வாசிக்கின்றனர்.

தமிழில் விவிலியம்: மாறிய சொற்கள்

மீண்டும் எழுதப்படுதல் தமிழில் மொழிபெயர்ப்பாக நிகழ்ந்தது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. பப்ரீசியு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அவருடைய பழைய ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின் 1796இல் நிறைவுற்றது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. ஹென்றி பவர் தலைமையிலான ஐக்கியத் திருப்புதல் 1871இல் முழுமையுற்றது. டேனிஷ் மிஷன் வழியாக இந்தியா வந்த லார்சன் இருபதாம் நூற்றாண்டின் திருத்தப் பதிப்புக்கு உழைத்தார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு சருவேசுரன் என்றும், பப்ரீசியு பராபரன் என்றும், ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றும், லார்சன் பதிப்பும் திருவிவிலியமும் கடவுள் என்றும் வழங்கின. தெய்வத்தன்மை ஒலியில் உறைவதெனில், இத்தகைய மாற்றம் மறைநூலையே மாற்றியதாக முடியும். கிறித்தவக் கொள்கை அவ்வாறு கொள்ளவில்லை. இயேசு பேசிய அரமேயச் சொற்களே நற்செய்திகளில் பெரும்பாலும் கிரேக்க மொழிபெயர்ப்பாகத்தான் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பு அம்மறைநூலின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்ட இயல்பு. நாவலர் மொழிபெயர்ப்பில் பணியாற்றியும் சைவராகவே வாழ்ந்தார். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் விவிலியத்தையே சான்றுகாட்டி மிஷனரிகளை மறுத்தார். மொழிபெயர்த்தவரின் சமயம் நூலின் தகுதியை வரையறுக்கவில்லை.

ஆயினும் கொள்கை ஒருபுறமிருக்க, வழிபடும் சபையின் வழக்கம் வேறாக இருந்தது. ஐக்கியத் திருப்புதல் வந்தபோது லுத்தரன் சபையார் பப்ரீசியுவின் மொழிபெயர்ப்பை எளிதில் விடவில்லை. பின்னர் லார்சன் பதிப்பு வந்தபோது பவரின் திருப்புதலைப் பெரும்பாலான சீர்திருத்தச் சபையினர் விடவில்லை. இன்றும் அதுவே அவர்களிடையே பெருவழக்காக உள்ளது. திருமுழுக்கிலும் திருமணத்திலும் அடக்கத்திலும் கேட்ட சொற்கள் பிழையற்ற புதுச்சொற்களைவிட அவர்களுக்கு நெருக்கமானவை. இறையியல் மொழிபெயர்க்கலாம் என்றது. மக்களோ பழகிய ஒலியைத் திருமுறையைப்போல் போற்றினர். இந்த இடத்தில் தமிழ்க் கிறித்தவர் தம் கொள்கையைவிடத் தம் மண்ணின் மரபுக்கே அண்மையில் நின்றனர் எனலாம். மூலத்தோடு மேலும் ஒத்துச்செல்லும் பதிப்பு ஒன்றைப் பழக்கத்தின் பெயரால் ஒதுக்குவது சரியா என்பது அச்சபைகள் தமக்குள் இன்னும் எதிர்கொள்ளும் வினா.

இரமணர் வாசித்த விவிலியம்

1896 முதல் 1950 வரை திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷி மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவர். விடுதலைப் பயண நூலில் இறைவன் மோசேக்குத் தம் பெயரை வெளிப்படுத்தும் இடத்தையும், அமைதியாய் இருந்து இறைவனை அறியுமாறு கூறும் 46ஆம் திருப்பாடலையும் அவர் அடியார்களிடம் பலமுறை எடுத்துக்காட்டினார். வேதாந்தம் முழுவதும் அவ்விரு தொடர்களில் அடங்கும் என்றார். அவர் பார்வையில் நூல் தன்னை அறிதற்கான சுட்டுவிரல்; அறிந்தபின் அதனால் பயனில்லை.

கிறித்தவர் அதே பகுதிகளை வரலாற்றுக்குள் வைத்து வாசிக்கின்றனர். மோசேக்குச் சொல்லப்பட்ட பெயர் அடிமைகளின் விடுதலையோடு தொடர்புடையது. திருப்பாடலின் அமைதி போர்கள் ஓயும் காட்சியின் நடுவில் வருகிறது. இறைவன் செய்ததாக நம்பப்படும் செயல்களுக்கு நூலே சாட்சி. எனவே அச்சாட்சியைக் கடந்து செல்ல அவர்களால் இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் கேட்க வேண்டியதாகிறது. ஒரே வசனம் ஒரே ஊரில் இருவகையாகப் பயன்படுவதிலிருந்து இரு கொள்கைகளின் வேறுபாடு தெளிவாகிறது.

முடிவுரை

விவிலியம் ஏவப்பட்டது என்று கிறித்தவர் கூறும்போது, வானிலிருந்து விழுந்த நூலையோ மாறா ஒலியையோ அவர்தம் இறையியல் குறிப்பதில்லை. மனிதரின் ஆய்விலும் நினைவிலும் மொழியிலும் இறைவன் பேசினார் என்பதே கூற்று. நிலைத்திருப்பது என்று கூறும்போது, ஏடு அழியாது என்பது பொருளன்று. எரிந்தாலும் மீண்டும் சொல்லப்படும் என்பதே பொருள். சுவடிகளும் தொல்பொருள்களும் இந்நம்பிக்கைக்குத் துணை நிற்கலாம், அடித்தளமாக மாட்டா. அடித்தளம் இயேசுவைப் பற்றிய நம்பிக்கையிலும், அந்நூலைக் கேட்டு வாழும் சமூகத்தின் அனுபவத்திலும் உள்ளது.

1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம், கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்களை இணைத் திருமுறை என வழங்குகிறது. சைவர் போற்றும் திருமுறை என்னும் சொல்லே அங்கு ஆளப்பட்டிருப்பது கருதத்தக்கது. சொல் பொதுவாயினும், அது சுட்டும் நம்பிக்கை ஒவ்வொரு மரபிலும் தனக்கெனத் தனிப்பொருள் உடையது. அப்பொருளை அந்தந்த மரபின் அளவுகோலாலேயே அளப்பது ஒப்பீட்டுச் சமய ஆய்வுக்கு இன்றியமையாதது.