வீங்கிய உடலும் தடித்த இரத்தமும்

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தில் ஒரு நாள் அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் அமர்ந்திருந்த இளம் தாயார் ஒருவர், "பையனுக்கு மறுபடியும் உடம்புல நீர் கோத்துக்கிச்சு அக்கா. ரெண்டு நாளா தண்ணியைக் குறைச்சிட்டேன். நெருஞ்சில் கஷாயம்தான் கொடுக்கிறேன்" என்றார். குழந்தைகள் வார்டில் பல்லாண்டுகள் தாதியாக இருந்தவள் நான். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவரிடம் சொன்னதைத்தான் அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்னும் இந்நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி தளர்ந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு போய்விடுகிறது. அவற்றுள் ஆல்புமின் குறைந்தால் இரத்தக் குழாய்க்குள் நீர் தங்காது. வெளியே கசிந்து இமையிலும் காலிலும் வயிற்றிலும் தேங்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பிள்ளை உடம்பெல்லாம் நீர். குழாய்க்குள் ஓடும் இரத்தமோ பல குழந்தைகளுக்கு நீர் வற்றித் தடித்திருக்கும்.

இரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ரோம்பின் என்ற புரதமும் இதே வழியில் வெளியேறுகிறது. இழப்பை ஈடுகட்டப் பாடுபடும் கல்லீரலோ, உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜனை அளவுக்கு மேல் சுரந்துவிடுகிறது. இந்த வேளையில் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டாலோ, சிறுநீர் பெருக்கும் மருந்தை நாமாகக் கொடுத்தாலோ இரத்தம் குழாயிலேயே கட்டிக்கொள்ளக்கூடும். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 3 பேருக்கே இது நேர்கிறது. ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு கால்களும் வீங்குவது நோயின் இயல்பு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சும்மா இருக்காதீர்கள். கடும் தலைவலி, ஓயாத வாந்தி, வலிப்பு, மூச்சுத் திணறல், விலாவில் வலியோடு சிவந்த சிறுநீர் ஆகியவையும் அப்படியே. கே.கே. மருத்துவமனை 1997 முதல் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது, தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தான். அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், 995-ஐ அழையுங்கள்.

பெரும்பாலான குழந்தைகள் பிரெட்னிசொலோன் மாத்திரையில் தேறிவிடுவர். ஆனாலும் ஒரு சளி பிடித்தால் போதும், நோய் திரும்பிவிடும். இதைக் கண் திருஷ்டி என்பாரும் உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பேராசிரியர் யாப் ஹுய் கிம் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, நோய் திரும்பும்போது குழந்தைகளின் நோயெதிர்ப்பு அணுக்களில் இன்டர்லியூகின்-13 மிகுவதைக் காட்டியது.

தினமும் காலையில் சிறுநீரில் பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். தொடர்ந்து 3 நாள் மூன்று கூட்டல் குறி காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். தண்ணீரின் அளவை மருத்துவர் சொல்லட்டும். அப்பளம், ஊறுகாய், பாக்கெட் மீ இவற்றை நிறுத்தி உப்பைக் குறைப்பதே வீட்டில் நம் வேலை. பிள்ளையைப் படுக்கையிலேயே கிடத்தாமல் நடமாட விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்தத் தாயார் அன்று மாலையே மகனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். ஆல்புமின் ஏற்றினார்கள். தானமாகக் கிடைக்கும் மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது அது.