மேட்டு வீட்டுக் கேட்

இலங்கையின் இறக்குவானையிலிருந்து தெனியாயப் பக்கம் ஏறும் வீதியில் சமதரை என்று இருந்தால், அது யாரோ மண்ணை வெட்டி உண்டாக்கியதாகத்தான் இருக்கும். வீதிக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்து வீட்டுக் கேட்டை உள்ளே தள்ளினால் தடையின்றித் திறக்கும். மேட்டு வீட்டுக் கேட்டோ பாதி திறப்பதற்குள் மண்ணில் உரசி நின்றுவிடும்.

காரணம் எளியது. செங்குத்தான பிணைச்சலில் மாட்டிய கதவு மட்டமாகத்தான் சுழலும். தரை மட்டமாக இல்லை. கதவு ஆறடி அகலம், பாதை பத்தடிக்கு ஓரடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுதும் திறந்த கதவின் முனைக்கு நேரே தரை ஏழு அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும். கதவின் அடியில் அவ்வளவு இடைவெளி விட்டால் நாயும் கோழியும் நுழையும். வீதிப் பக்கம் திறக்க வைத்தால் போகிற வாகனத்துக்கு ஆபத்து. பக்கவாட்டில் உருளும் கேட் போடலாம். அதற்கு மதிலோரம் கதவின் நீளத்துக்கு மட்டமான இடம் வேண்டும்.

இன்னொரு வழி, பிணைச்சல்களின் அச்சையே சாய்ப்பது. தூண் நேராகவே நிற்கட்டும். மேல் பிணைச்சலை வீதிப் பக்கமும் கீழ்ப் பிணைச்சலை வீட்டுப் பக்கமும் சற்று விலக்கி வைத்தால் போதும். இரண்டுக்கும் இடையே நான்கடி உயரம் என்றால் விலகல் ஏறக்குறைய ஐந்து அங்குலம். பாதையின் சரிவு விகிதமும் இதுவும் ஒன்றே. இப்போது அச்சு சரிந்த தரைக்குச் செங்குத்தாகிவிட்டது. கதவும் தரையின் சரிவை ஒட்டியே சுழல்கிறது. தள்ளத் தள்ள அதன் முனை மேலேறுகிறது.

மேலேறும் எதுவும் கீழிறங்கப் பார்க்கும். கதவின் எடை 100 கிலோ என்றால், மூடிய நிலையிலிருந்து அதை நகர்த்த முனையில் சுமார் 5 கிலோ எடைக்குரிய விசை வேண்டும். முழுதும் திறந்து மேட்டை நேரே நோக்கும்போது அந்த எதிர்ப்பு இல்லாமல் போகும். அங்கிருந்து லேசாக அசைந்தாலும் கதவு மெல்லத் திரும்பி, வர வர வேகம் பிடித்து வந்து மோதும். அதனால் திறந்த இடத்தில் ஒரு கொக்கியும் மூடும் இடத்தில் ஒரு தடுப்பும் கட்டாயம்.

உண்மையில் இந்தக் கதவு பக்கவாட்டில் ஆடும் ஓர் ஊசல். தொங்கும் ஊசலை ஈர்ப்பு விசை முழுதாக இழுக்கிறது. இதை அச்சின் சாய்வுக்கேற்ற சிறு பங்குதான் இழுக்கிறது. சாய்வு நூறில் ஒன்றாகக் குறைந்தால் ஆட்டத்தின் நேரம் பத்து மடங்கு நீளும். ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டு, உராய்வையும் நீக்கிப் பாருங்கள். தரை பத்து மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்தாலே கதவு ஏறக்குறைய 6 பாகை திரும்பிவிடும்!

இந்தக் கூருணர்வைத்தான் நிலநடுக்க ஆய்வு பயன்படுத்திக்கொண்டது. 1889 ஏப்ரலில் ஜப்பானில் நிலம் நடுங்கியபோது, ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் எர்ன்ஸ்ட் வொன் ரெபர்-பாஷ்விட்ஸ் அமைத்திருந்த கிடை ஊசல் அதைப் பதிவுசெய்தது. தொலைதூர நிலநடுக்கம் ஒன்று கருவியில் பதிவானதாக இனங்காணப்பட்டது அதுவே முதல் முறை. பின்னர் ஜோன் மில்னே உலகெங்கும் பரப்பிய கருவியும் கிடை ஊசல்தான். கொடைக்கானல் ஆய்வகத்திலும் அது இயங்கியது.

வீட்டுக் கேட்டின் பிணைச்சலில் உராய்வு அதிகம், துருவும் உண்டு. மில்லிமீட்டர் சாய்வெல்லாம் அதற்குத் தெரியாது. பெரிய சாய்வு தெரியும். மேலே சொன்ன கதவின் மேல் பிணைச்சல், தூணை 75 கிலோ எடைக்குரிய விசையோடு ஓயாமல் பக்கவாட்டில் இழுக்கிறது. மழையில் மண் இளகினால் அத்திவாரம் ஆழமில்லாத தூண் சாயும்; அதோடு அச்சும் சாயும். நேர் அச்சில் மாட்டி, பல ஆண்டுகளாக விட்ட இடத்தில் நின்ற கேட் தானாகத் திரும்பத் தொடங்கும், அல்லது தாழ்ப்பாள் பொருந்தாது.

பெரும்பாலும் குற்றம் அத்திவாரத்தில்தான் இருக்கும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, தூணை நிமிர்த்தி, ஆழக் கொங்கிரீட் இட்டால் தீர்ந்தது. ஆனால் இறக்குவானை அமைந்த சப்ரகமுவ மலைகளில் இன்னொரு காரணத்தையும் நினைக்க வேண்டும். 2016 மே 17 அன்று இதே மாகாணத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. மலைச்சரிவு மெல்ல நகரும்போது தூண்களும் மரங்களும் சாயும், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழும், ஊற்று நீர் கலங்கி வரும். மழைக்காலத்தில் கேட் திரும்புவதோடு இவற்றில் ஒன்றையும் கண்டால் பிணைச்சலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டாரோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.