உங்களுக்குத் தெரியுமா? பாலத்தைச் சாய்த்த இரண்டரை மில்லிமீட்டர்

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் 1928-இல் கட்டிய சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆற்றில் சரிந்தது. 46 பேர் இறந்தார்கள். காரணம், ஓர் எஃகுப் பட்டையின் துளையோரத்தில் இருந்த விரிசல். அதன் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான்!

பெரும்பாலான தொங்கு பாலங்களில் பல கம்பிகளைச் சேர்த்த வடம் இருக்கும். ஓரிரண்டு அறுந்தாலும் மற்றவை தாங்கும். இங்கோ வடத்துக்குப் பதில் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். ஒன்று முறிந்ததும் மற்றது பட்டைகளைக் கோத்த முளையிலிருந்து கழன்றது, முழுப் பாலமும் போயிற்று. இழுவிசையும் துருவும் சேர்ந்து பல ஆண்டுகளாக வளர்த்த அந்த விரிசல், மூட்டைக் கழற்றாமல் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. பார்வையிட வந்தவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. எட்டிப் பார்க்கவே முடியாதபடி மூட்டை அமைத்த வடிவமைப்புதான், என் கணிப்பில், பெரிய பிழை.

அதுவரை அந்நாட்டில் பாலங்களைச் சோதிக்க நாடு முழுமைக்குமான விதி கிடையாது. 1971-இல் வந்தது: பொதுச் சாலைப் பாலங்களைக் குறைந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது சோதித்தாக வேண்டும் என்றது அது. அதே ஆற்றில், அதே வடிவில் செயின்ட் மேரிஸ் ஊரில் இருந்த பாலத்தை விபத்துக்குப் பின் மூடி, 1971-இல் இடித்தார்கள்.